மினேகோவின் இரண்டாம் துண்டு

கோபே, 2005 பிப்ரவரி 20

பிரேசிலில், லோந்திரினாவில் இருக்கும் மினேகோவுக்கு அத்தான் மசகிச்சி சொல்லி எழுதியது.

ஒசாகாவில் அந்தப் பெரிய மலர்க் கண்காட்சி நடந்த வருஷம். பழைய பேரரசர் காலமாகி, புது ஆண்டுக்கணக்கு தொடங்கி இரண்டாவது வருஷம். புதுப் பேரரசரின் இளைய மகனுக்கு அந்த ஜூனில்தான் கல்யாணம். ஆகஸ்ட் பிறந்ததும் ஈராக் படை குவைத்துக்குள் போய்விட்டது, இனி எண்ணெய்க் கப்பல் வருமா வராதா என்று துறைமுகத்தில் ஒரே பேச்சு. பெண்கள் வாயில் மட்டும் வேறு பேச்சு. டிராமிசு, டிராமிசு. இத்தாலிக்காரன் காபியில் செய்கிற இனிப்பாம். அந்த வருஷம்தான்.

உன் அக்கா போன செய்தி கேட்டு டிசம்பரில் போனில் அழுதுகொண்டே கேட்டாயே, 'அத்தான், அக்கா அந்தக் காபி கேக் செஞ்சது எந்த வருஷம்?' என்று. இப்போது சொல்கிறேன். 1990, உங்கள் அம்மா இறந்தபின் வந்த முதல் ஓபொன், ஆகஸ்டில் போனவர்கள் வீடு வந்து போகும் அந்த மூன்று நாள். நீ கப்பலேறிப் போனபின் முதல்முறையாக ஊருக்கு வந்தது அதற்குத்தான்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு இடுப்பு ஒன்றைத் தவிர எல்லாம் நலம்.

இந்தக் கையெழுத்து யாருடையது என்று பார்ப்பாய். எனக்கு எழுத்து தெரியாது மினேகோ. ஒன்பது வயதில் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனவன். இத்தனை வருஷம் என் பெயர் போட்டு வந்த வாழ்த்தெல்லாம் உன் அக்கா சதாயோ எழுதியது. யார் எதை நீட்டினாலும் 'கண்ணாடி வீட்டுல இருக்கு' என்பேன். எழுபத்தைந்து வயதுவரை அது ஓடிற்று. உன் அக்கா போனாள், கண்ணாடியும் போயிற்று. எழுதுவது எங்கள் கட்டடத்துக்குக் கீழே காபிக்கடை வைத்திருக்கும் ஒரிதோ அம்மா.

(நான் ஒரிதோ. சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன். கேட்டுக்கொண்டே இருந்ததில் இவர் காபி ஆறிவிட்டது, அதற்கும் எனக்குத்தான் திட்டு.)

ஒரு உதவி வேண்டும். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் சதாயோ சொன்னாள்: 'அந்தக் காபி கேக்கை ஒரு தடவையாச்சும் ஒழுங்கா செஞ்சு அம்மா முன்னாடி வெச்சிருக்கலாங்க.' வருகிற ஆகஸ்ட் அவளுக்கு முதல் ஓபொன். அவள் வீடு வரும்போது நான் அதைச் செய்து வைக்க வேண்டும். அவள் குறிப்பெல்லாம் தொண்ணூற்றைந்தாம் வருஷப் பூகம்பத் தீயில் போயிற்று. உனக்கு ஒரு பிரதி எழுதி அனுப்பினாள், தபால்தலை ஒட்டியவன் நான். அதை அனுப்பு.

ரோக்கோ மலைக் காற்று இந்த வாரம் எலும்பைத் தொடுகிறது. அங்கே கோடையாக இருக்கும். வெயிலில் அலையாதே.

மசகிச்சி


லோந்திரினா, 2005 மார்ச் 14

அன்புள்ள அத்தானுக்கு மினேகோவின் வணக்கம்.

இங்கே மழை முடிந்து மண் சிவந்து கிடக்கிறது. முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் அழுகிறது. நீங்கள் தனியாகச் சரியாகச் சாப்பிடுகிறீர்களா? ஒரிதோ அம்மா, இவர் பொய் சொன்னால் ஓரத்தில் எனக்கு எழுதிவிடுங்கள்.

அத்தான், நீங்கள் பெரிய ஏமாற்றுக்காரர். 1990-ல் ரயில் நிலையத்தில் பலகையைக் காட்டி 'நீயே படி மினேகோ, நாளாச்சுல்ல, பழகிக்கோ' என்றீர்களே, எவ்வளவு அக்கறையான மனுஷன் என்று நெகிழ்ந்து போனேன்!

இப்போது நான் கேட்கிறேன். 'ஒழுங்கா' என்றால் என்ன? அந்தக் கேக்கில் என்ன ஒழுங்கு குறைந்தது? நான் வாழ்நாளில் தின்ற எதிலும் அந்த ருசி இல்லை. உங்களுக்குத் தெரியும், நான் கப்பலேறிய அன்று அம்மா துறைமுகத்துக்கு வரவில்லை. அவாஜித் தீவில் ஊதுவத்திப் பட்டறையில் இருந்தாள். 'மேக்காத்து நல்லா அடிக்குது, இன்னைக்கு வத்தி காயணும்' என்று சொல்லியனுப்பினாள். கப்பலில் நின்றவர்கள் வீசிய காகித நாடாவை எல்லோரும் கரையிலிருந்து பிடித்தார்கள், என் நாடாவின் மறுமுனையில் அக்கா மட்டும் நின்றாள். அதன்பின் நான் அம்மாவைப் பார்க்கவே இல்லை. ஆனால் அந்தக் கேக் வாயில் போன நிமிஷம், அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போல இருந்தது. ஏனென்று இன்றுவரை தெரியவில்லை.

அக்கா எழுதியனுப்பியபடியே பதினைந்து வருஷமாகச் செய்கிறேன். எங்கள் தோட்டத்துக் காபி, மலைக் காபி, கருக வறுத்தது, மூன்று நாள் ஊறியது. நல்ல கேக் வருகிறது, அந்தக் கேக் வரவில்லை. அவள் எதையோ எழுதாமல் விட்டிருக்கிறாள். அது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே முதல் பக்கத்தை மட்டும் படியெடுத்து அனுப்புகிறேன். இரண்டாம் பக்கம், நீங்கள் உண்மையைச் சொன்ன பிறகு.

குளிரில் இடுப்பைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள்.

மினேகோ


கோபே, 2005 ஏப்ரல் 10

மினேகோவுக்கு.

செர்ரி பூத்து உதிர்ந்துவிட்டது. சதாயோ இல்லாததால் யாரும் என்னைப் பூப் பார்க்க இழுத்துப்போகவில்லை. ஜன்னல் வழியாக ஏழாவது மாடியிலிருந்து மரத்தின் தலையை மட்டும் பார்த்தேன். உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி, பாதிக் கடிதம் கண்டு பாதி மகிழ்ச்சி.

ஒரிதோ அம்மா முதல் பக்கத்தைப் படித்தார். பிஸ்கட்டை நொறுக்கி, உருக்கிய வெண்ணெயும் கெட்டிக் காபியும் விட்டு அச்சின் அடியில் அமுக்க வேண்டும். கிரீம் சீஸ், சர்க்கரை, முட்டை, பாலேடு, மறுபடி காபி. இத்தாலியில் போடும் சீஸ் அப்போது எங்கள் பக்கத்துக் கடையில் கிடைக்காது, ஆகவே இது. இதற்கெல்லாம் நீ தாள் அனுப்பியிருக்க வேண்டாம், என் தலையிலேயே இருக்கிறது. பேட்டை மன்றத்தில் வகுப்பு நடத்திய டீச்சர் சொன்னதைச் சதாயோ அன்று மாலையே என்னிடம் ஒப்பிப்பாள். 'இது இத்தாலிதானா?' என்று கேட்டேன். 'பாதி இத்தாலி. மீதி நம்ம வீடு' என்றாள். எனக்கு வேண்டியது மீதிப் பக்கம். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்.

நான் இனிப்புத் தின்னாதவன், உனக்குத் தெரியும். இளவயதில் கோடை முழுக்கச் சர்க்கரைக் கப்பல் இறக்குவோம். வேர்வையில் சர்க்கரை கரைந்து கழுத்தில் வழியும், அதில் ஈ உட்காரும், தட்டக் கை இருக்காது. அன்றோடு இனிப்பு என்றால் எனக்கு ஈயின் கால். ஆகவே கேக்கின் ருசியைப் பற்றி என்னிடம் கேட்டுப் பயனில்லை. நான் அதைத் தின்னவே இல்லை.

இரண்டாம் பக்கத்தை அனுப்பு. அங்கே குளிர் தொடங்கும் முன் போர்வையைக் காயவை.

மசகிச்சி

(ஓரத்தில் எழுதச் சொன்னீர்களே. மதியம் வெறும் நூடுல்ஸ். ராத்திரியும். — ஒரிதோ)


லோந்திரினா, 2005 மே 5

அத்தானுக்கு.

நலம். நீங்களும் நலமென்று நம்புகிறேன்.

ருசி தெரியுமா என்று நான் கேட்கவில்லை. அக்கா எதை விட்டாள் என்று கேட்டேன். நீங்கள் சர்க்கரை மூட்டைக் கதை சொல்கிறீர்கள்.

சரி, மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன். அம்மாவின் கடைசி எட்டு வருஷம் அவளைக் குளிப்பாட்டி, தூக்கி உட்காரவைத்து, எல்லாம் செய்தது அக்கா. நான் தூரத்திலிருந்து காபி டப்பா அனுப்பினேன். அக்காவுக்கு என் மேல் கோபம் இருந்திருந்தால் அது நியாயம். 'போனவளுக்கு இதுவும் கிடைக்கக் கூடாது' என்று ஒன்றை மறைத்திருந்தால், அதுவும் நியாயம். அப்படித்தான் என்றால் அப்படியே சொல்லிவிடுங்கள். நான் தேடுவதையாவது நிறுத்துவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மினேகோ


கோபே, 2005 ஜூன் 12

மினேகோவுக்கு.

மழைக்காலம் வந்துவிட்டது. துணி காயவில்லை, இடுப்பு மட்டும் துல்லியமாக வானிலை சொல்கிறது. உன் முழங்காலும் என் இடுப்பும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்திருந்தால் நன்றாகப் பேசிக்கொள்ளும்.

நீ நினைப்பது தவறு. சதாயோ அப்படிப்பட்டவள் இல்லை. இதற்குமேல் எனக்கு எழுதச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாம் பக்கம் இல்லாமலே செய்து பார்த்தேன். அன்று அடுத்த அறையில் படுத்திருந்தபோது கேட்ட சத்தமெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. அடிக்கும் கரண்டி நின்றது, ஓவன் கதவு சாத்தியது, ரேடியோவில் பாட்டு நிகழ்ச்சி முழுசும் ஓடி, பின் செய்தி. அந்தக் கணக்கை வைத்து இறங்கினேன். வீட்டில் சதாயோவின் ஓவன் இருக்கிறது. பொத்தான்களில் என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாது என்பதால் ஒரிதோ அம்மா வண்ண நாடா ஒட்டித் தந்தார். சிவப்பு என்றால் சூடு, பச்சை என்றால் நிறுத்து.

(இவர் சிவப்பை அமுக்கிவிட்டுச் செய்தி முடியும்வரை தூங்கிவிட்டார். நான் வந்து பார்த்தபோது ஓரமெல்லாம் கரி, நடுவில் ஆறு ஓடுகிறது, மேலே பூகம்பம் போல ஒரு பிளவு. 'இது என்ன?' என்றேன். 'இத்தாலி' என்றார். — ஒரிதோ)

மசகிச்சி

பி.கு. அங்கே பனி விழும் மாதம் இது. காபிச் செடி பொசுங்கிப்போன அந்தப் பழைய வருஷம் போல ஆகாமல் இருக்கட்டும்.


கோபே, 2005 ஜூலை 8

மதிப்புக்குரிய மினேகோ அம்மாவுக்கு ஒரிதோ எழுதுவது.

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் பதில் எழுதாமல் ஒரு மாதமாகப் போகிறது. இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது.

ஜூன் கடிதத்தில் 'இதற்குமேல் எழுதச் சொல்லத் தெரியவில்லை' என்று ஒரு வரி வந்ததே, அதற்கு முன் அவர் அரைமணி நேரம் காலிக் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தார். கடை மூடும் நேரம். 'சொல்லுங்க, பேனா காயுது' என்றேன். 'அவ சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டா' என்றார். 'அவங்க போயிட்டாங்களே' என்றேன். 'அதனாலதான். இருந்தா போய்க் கேட்டுக்கலாமே' என்றார்.

தினமும் காலையில் தபால் பெட்டியைத் திறக்கிறார். வரும் விளம்பரத் தாள் ஒன்றுவிடாமல் என்னிடம் கொண்டுவந்து 'இது பிரேசிலா?' என்று கேட்கிறார். பீட்சா கடை விளம்பரத்தைக்கூட.

உங்கள் மே மாதக் கடிதத்தை நான்கு முறை படிக்கச் சொன்னார். 'சதாயோ மன்னிக்கலைன்னு நினைச்சுக்கிட்டிருக்கா' என்று மட்டும் சொல்கிறார். என்ன வாக்குக் கொடுத்தாரோ எனக்குத் தெரியாது. ஆனால் அது உங்களுக்கு எதிரான வாக்கு போலத் தோன்றவில்லை.

அதிகப்பிரசங்கித்தனத்துக்கு மன்னிக்கவும்.

ஒரிதோ


கோபே, 2005 ஜூலை 16

மினேகோவுக்கு.

மழை விட்டது, சில்வண்டு கத்தத் தொடங்கிவிட்டது. உன் உடம்பு எப்படி என்று கேட்கக்கூட எனக்கு இன்று பொறுமை இல்லை, ஆனாலும் நலமாக இரு.

நேற்று சதாயோவின் படத்தின் முன் உட்கார்ந்து, 'உன் பேர் கெடுது, நான் சொல்லப்போறேன்' என்று சொல்லிவிட்டேன். ஆகவே கேள்.

அந்த ஓபொன்னுக்கு வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு தர்பூசணி தூக்கி வந்தார்கள். என் துறைமுகத்துக் கூட்டாளி உராபே இரண்டு தூக்கி வந்தான், அதோடு பீர் பெட்டி. கேக் ஓவனிலிருந்து வெளியே வந்தபோது பிரிட்ஜில் விரல் நுழைய இடமில்லை. வீட்டிலேயே குளிர்ந்த இடம் உங்கள் அம்மா படம் வைத்த மாடத்து அறை. சதாயோ ஒரு பாத்திரத்தில் ஐஸ் போட்டு, அதன் மேல் கேக்கை வைத்து, ஈ வலையால் மூடி, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டாள். அம்மாவுக்குத்தானே முதல் பங்கு, அம்மா முன்னாலேயே ஆறட்டும் என்றாள்.

முதல் ஓபொன் வீட்டில் ஊதுவத்தி அணையவிட மாட்டார்கள், தெரியுமே. வந்தவரெல்லாம் ஏற்றினார்கள். ஏற்றியது எல்லாம் அம்மா பட்டறையை விட்டு நின்றபோது அவர்கள் கொடுத்தனுப்பிய கட்டு, அவள் கையால் பரப்பிக் காயவைத்த வத்தி. ஃபேன் அந்தப் புகையை எடுத்து விடியும்வரை கேக் மேல் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. வலை ஈயைத்தான் தடுக்கும்.

காலையில் சதாயோ ஓரத்தில் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டாள். முகம் மாறிவிட்டது.

'ஏங்க, இங்க வாங்க. மோந்து பாருங்க.'

மோந்தேன். 'ஊதுவத்தி.'

'கோயில் மாதிரி இருக்கா?'

'கோயில்ல காபி போட்ட மாதிரி இருக்கு.'

கையிலிருந்த விசிறியால் ஒன்று வைத்தாள். 'சிரிக்காதீங்க! முப்பத்தினாலு வருஷம் கழிச்சு வந்திருக்கா. அவ அனுப்புன காபில அம்மாவுக்குன்னு செஞ்சது. இதையா அவ தட்டுல வைப்பேன்?'

'கடையில வாங்கிட்டு வரேன்.'

'ஓபொன்ல எந்தக் கடைய்யா திறந்திருக்கும்?'

அதற்குள் ஓத வந்த பிக்கு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார். வேறு வழியில்லை, மேலே கோகோ பொடியைக் கூடக் கொஞ்சம் தூவி வெட்டி வைத்தாள். நீ ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாய். பிறகு சொன்னாய்: 'அக்கா, ரொம்ப நல்லாருக்கு. இன்னொரு துண்டு இருக்கா?' உன் கண்ணில் தண்ணீர்.

அடுக்களையில் வந்து சதாயோ என் சட்டையைப் பிடித்தாள். 'பாத்தீங்களா, என் மனசு நோகக் கூடாதுன்னு கேட்டு வாங்கித் தின்னுறா. வாசனை தாங்காம கண்ணுல தண்ணியே வந்துருச்சு, பாவம். இத அவகிட்ட என்னைக்கும் சொல்லக் கூடாது, சரியா?' சரி என்றேன்.

நம் ஊரில் விருந்தாளி 'நல்லா இல்லை' என்று சொல்லி யார் கேட்டிருக்கிறோம்? நல்லா இருக்கிறது என்றால் அதில் என்ன தெரியும்? நீ அதன்பின் குறிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினாய். 'இன்னும் மரியாதை காட்டுறா' என்றாள். உனக்கு எழுதும்போது ஓவனிலிருந்து எடுத்ததும் ஆறவைத்து உடனே பிரிட்ஜில் வைக்க வேண்டும் என்ற இடத்தில் நிறுத்தி, 'இத மட்டும் கொஞ்சம் அழுத்தி எழுதுறேன்' என்று சொன்னாள். உன்னிடம் இருக்கும் தாளில் அந்த வரி மட்டும் மை கனமாக இருக்கிறதா, பார். அந்தக் கேக்கை அதன்பின் நம் வீட்டில் செய்யவே இல்லை. அவள் விட்டது அதுதான். உன்னிடமிருந்து மறைக்கவில்லை. உன் முன்னால் வெட்கப்பட்டாள்.

அம்மாவின் கட்டில் மீதியிருந்தது தீயில் போயிற்று. ஆகவே வியாழக்கிழமை பஸ் பிடித்து, பாலத்தைத் தாண்டி அவாஜி போனேன். பட்டறை இருக்கிறது, முதலாளி மகன் நடத்துகிறான். 'புது சரக்கு பாக்குறீங்களா பெரியவரே, காபி வாசனையில ஊதுவத்தி போட்டிருக்கோம், நல்லாப் போகுது' என்றான். காபிக்கு ஊதுவத்தி வாசனை தேடிப் போனால் அவன் ஊதுவத்திக்குக் காபி வாசனை போட்டு வைத்திருக்கிறான்! பழைய சரக்கு ஒரு கோயிலுக்காக மட்டும் இன்னும் போடுகிறார்களாம். இரண்டு கட்டு வாங்கினேன். ஒன்று எனக்கு. ஒன்று உனக்குத் தனிப் பார்சலில் வருகிறது.

இரண்டாம் பக்கத்தை நீ அனுப்பினாலும் சரி, அனுப்பாவிட்டாலும் சரி.

மசகிச்சி


லோந்திரினா, 2005 ஜூலை 28, விரைவுத் தபால்

அத்தானுக்கு.

இரண்டாம் பக்கம் உள்ளே இருக்கிறது. ஓபொன்னுக்குள் வந்து சேர வேண்டுமே என்று நலம்கூட விசாரிக்கவில்லை. தட்டில் வெந்நீர் ஊற்றி அதற்குள் அச்சை வைக்க வேண்டும், அதுதான் உங்கள் ஆற்றுக்கும் பிளவுக்கும் மருந்து. ஒரிதோ அம்மா, ஓவன் பக்கத்திலேயே நில்லுங்கள், இவரைத் தூங்கவிடாதீர்கள்.

அந்த வரியைப் பார்த்தேன். மை கனமாகத்தான் இருக்கிறது. பதினைந்து வருஷம் அதைப் பார்த்து, அக்காவுக்குப் பேனா கசிந்தது என்று நினைத்திருந்தேன்.

கீழே எழுதியிருப்பது அக்காவுக்கு. ஓபொன் அன்று அவள் வந்ததும் மாடத்தின் முன்னால் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

அக்கா, நீ ஒரு முட்டாள். மரியாதைக்கு யாராவது இரண்டு துண்டு தின்பார்களா? மரியாதைக்கு அரைத் துண்டு தின்று வயிறு நிறைந்தது என்பார்கள். நான் தின்றது அம்மாவின் கையை. சின்ன வயதில் பட்டறையிலிருந்து வந்து நம் இரண்டு பேர் தலையையும் வாரிவிடுவாளே, எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் வத்தி வாசனை போகாத அந்தக் கை. நீ தினமும் அவள் கூட இருந்ததால் உனக்கு அது வெறும் ஊதுவத்தி. நான் அந்த வாசனை இல்லாத நாட்டில் இருந்தவள். நீ கெடுக்கவில்லை. அம்மா துறைமுகத்துக்கு வராமல் விட்டதை நீ அன்று என் தட்டில் வைத்தாய்.

மினேகோ


கோபே, 2005 ஆகஸ்ட் 18

மினேகோவுக்கு.

வெயில் கொளுத்துகிறது. ஓபொன் முடிந்தது, வந்தவர்களை வழியனுப்பிவிட்டோம். உன் கடிதம் பதினோராம் தேதியே வந்துவிட்டது.

கேக் வந்தது. பிளவு இல்லை, ஆறு இல்லை. ஒரிதோ அம்மா நாற்காலி போட்டு ஓவன் முன்னால் காவல் இருந்தார். ஆறியதும் நான் அதை நடுவில் வெட்டினேன். ஒரு பாதி பிரிட்ஜுக்குப் போயிற்று, அது சதாயோ கேட்ட ஒழுங்கான கேக். மறு பாதியை மாடத்தின் முன்னால் ஐஸ் மேல் வைத்து, ஃபேனைத் திருப்பி, அவாஜி வத்தியை ஏற்றினேன். அது உன் கேக்.

காலையில் ஒரிதோ அம்மா நீ எழுதியதைப் படத்தின் முன் நின்று படித்தார். 'அக்கா, நீ ஒரு முட்டாள்' என்ற இடத்தில் நிறுத்தி, 'இதையுமா சத்தமா?' என்று கேட்டார். 'அதைத்தான் முதல்ல சத்தமா' என்றேன்.

(முழுவதையும் என்னால் படிக்க முடியவில்லை. மீதியை இவர் தாளைப் பார்க்காமலே சொல்லி முடித்தார். கடிதம் வந்த அன்று ஒரே ஒரு முறைதான் படித்துக் காட்டியிருந்தேன். — ஒரிதோ)

பிறகு நான் தின்றேன். ஆமாம், தின்றேன். சதாயோவுக்கு வைத்ததை இறக்கி, வெளியே கொட்டவா முடியும்? ஒழுங்கான பாதி இனிப்பாக இருந்தது, வேறொன்றும் சொல்ல எனக்குத் தெரியாது. மறு பாதியில் மாமியார் இருந்தாள். உங்கள் வீட்டுக்கு நான் பெண் பார்க்க வந்த அன்று டீ வைத்தாளே, அந்தக் கோப்பையிலும் இதே வாசனை. அது எனக்கு நினைவில் இருக்கிறது என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

ஈயின் கால் தெரியவில்லை.

ஆனால் அன்றைய ருசி இதுதானா என்று நான் சாட்சி சொல்ல முடியாது. நீதான் சொல்ல வேண்டும். கட்டு வந்து சேர்ந்ததா? உடம்பு நலம்தானே?

மசகிச்சி


லோந்திரினா, 2005 அக்டோபர் 9

அன்பு அத்தானுக்கு மினேகோவின் வணக்கம்.

இங்கே வசந்தம். முழங்கால்கூட நல்ல மனநிலையில் இருக்கிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் உண்டு. கட்டு போன மாதமே வந்துவிட்டது, ஆனால் பிரிக்கப் பயமாக இருந்தது. இதுவும் இல்லை என்றால் பிறகு தேட எதுவும் மிச்சமில்லையே.

சனிக்கிழமை செய்தேன். எங்கள் தோட்டம் இருந்த பக்கத்துக் காபி. மாடம் என்று என்னிடம் பெரிதாக இல்லை, அலமாரியில் அம்மா படம், அக்கா படம், என் வீட்டுக்காரர் படம். அதன் முன்னால் கேக், ஃபேன், வத்தி. என் மகள் லூசியா வாசலில் வந்து நின்று, 'அம்மா, யார் செத்தா?' என்று கேட்டாள். 'யாரும் சாகல, வராங்க' என்றேன்.

வந்தார்கள் அத்தான். முதல் வாயிலேயே. லூசியா ஒரு வாய் தின்றுவிட்டு முகத்தைச் சுளித்து, 'சோப்பு மாதிரி இருக்கு' என்று சொல்லித் தட்டைத் தள்ளினாள். இந்த ஊர்க்காரி, மரியாதைக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாது. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா அன்று இப்படி ஒருத்திக்குப் பரிமாறியிருந்தால் இத்தனை வருஷம் வீணாகியிருக்காது.

ஒன்று கேட்க வேண்டும். அன்று மேஜையைச் சுற்றி இருந்த முகங்களை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன், முழுசாக வரவில்லை. பெரிய காது வைத்த பிக்கு ஒருவர். மூன்று துண்டு தின்ற ஆள் ஒருவர். வேறு யார்? உங்கள் தலையில்தான் இருக்கும். சொல்லுங்கள்.

அக்காவின் முதல் வருஷத் திதிக்கு என்னால் வர முடியாது. மன்னியுங்கள். குளிர் தொடங்கும், நூடுல்ஸை விட்டுச் சோறு தின்னுங்கள்.

மினேகோ


கோபே, 2005 நவம்பர் 27

மினேகோவுக்கு அத்தான் சொல்லி எழுதியது.

சதாயோவின் முதல் வருஷத் திதி இன்று நல்லபடியாக முடிந்தது. புது பிக்கு, சின்னப் பையன், மந்திரம் வேகமாகச் சொல்லுகிறான். மலையெல்லாம் சிவந்துவிட்டது. நான் சோறுதான் தின்கிறேன், நம்பாவிட்டால் ஓரத்தைப் பார்.

(உண்மைதான். — ஒரிதோ)

யார் யார் என்று கேட்டாய். கண்ணை மூடினால் இப்போதும் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். மாடத்தை ஒட்டி, பெரிய காது பிக்கு. தின்று முடித்து இரண்டு கோப்பை டீ குடித்து, 'மிகவும் பக்தியான ருசி' என்றார். சதாயோவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் மறு வருஷம் மழைக்காலத்தில் போனார், மூச்சுக் கோளாறு.

அவர் பக்கத்தில் அடுத்த வீட்டுக் கவாசே அம்மா, வீட்டிலேயே செருப்புக்கு மேல்தோல் தைப்பவள். விரலில் பசை ஒட்டியிருந்ததால் முள்கரண்டியைப் பிடித்த பிடி விடவில்லை, எல்லோரும் சிரித்தோம். பூகம்பத்து அன்று காலை அவள் வீட்டுக் கூரைக்கு அடியிலேயே போய்விட்டாள்.

மூன்று துண்டு தின்றது உராபே, என் கூட மூட்டை தூக்கியவன். பீருக்குத் தொட்டுக்கொண்டு தின்றான். ஈரல் கெட்டு ஐந்து வருஷத்துக்கு முன் போனான். கடைசிவரை என்னைப் பார்க்கும்போதெல்லாம் 'அந்தக் கோயில் கேக் எப்பப்பா?' என்பான், சதாயோ காதில் விழாமல் நான் அவன் காலை மிதிப்பேன்.

சதாயோ ஓரம் கிள்ளித் தின்றதோடு சரி.

பிறகு உங்கள் அம்மா. முதலில் வெட்டிய துண்டு அவளுடையது. காலையிலிருந்து ஓதி முடியும்வரை வத்திக்கு ஒட்டியே இருந்தது, வாசனை எல்லாவற்றையும் விட அதில்தான் அதிகம். நீ 'இன்னொரு துண்டு இருக்கா' என்று கேட்டபோது வெட்டியதெல்லாம் தீர்ந்திருந்தது, உராபே புண்ணியத்தில். சதாயோ மாடத்திலிருந்து அம்மாவின் துண்டை இறக்கி உன் தட்டில் வைத்தாள். நீ பார்க்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

நான் அடுக்களை வாசலில் தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்தேன். தின்னவில்லை. ஆகவே என்னைச் சேர்க்காதே.

அன்று அதைத் தின்றவர்களில் இப்போது மிச்சம் இருப்பது ஒருத்திதான். உடம்பைப் பார்த்துக்கொள், மினேகோ.